ஒரே கொப்பியில் இரண்டு வருத்தம்
தொய்வும் பிரஷரும் சேர்ந்து உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வன்னி மண்ணில் இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து இங்கு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி நகரத்து மக்கள் அக்கராயன், மல்லாவிப் பக்கம் ஒதுங்கினார்கள். 2009 இல் வவுனியா மெனிக் பாம் முகாம்களின் தறப்பாள்களுக்குள் வாழ நேர்ந்தது. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல குடும்பங்கள் மீண்டும் வீட்டை விட்டு வெளியேறின.

இப்படி எழும்பி ஓடும்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறோம். கிளினிக் கொப்பியோ பல வீடுகளில் கூரைத்தடியில் செருகியபடியே கிடந்துவிடுகிறது. ஒரேயொரு வருத்தம் உள்ளவருக்குக் கொப்பி தொலைந்தால் அது சிரமம். தொய்வும் உயர் குருதியமுக்கமும் சேர்ந்து உள்ளவருக்கு அதுவே உயிராபத்தாக முடியலாம். ஏனெனில் ஒரு வருத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து மற்ற வருத்தத்தைக் கிளப்பிவிடக்கூடும்.

ஒரே துருசு, இரண்டு கைகள்

நமது உடலில் அதிரினலின் என்ற சுரப்பு இருக்கிறது. அது இதயத்தை வேகமாக அடிக்கச் செய்கிறது. சுவாசக் குழாய்களை விரித்தும் விடுகிறது. தொய்வுக்காரர் இழுக்கும் சல்பியூற்றமோல் மருந்தும் அதைப் போலவே சுவாசக் குழாயைத் திறக்கிறது.

பிரஷருக்கும் இதய வருத்தத்துக்கும் கொடுக்கப்படும் புறொப்பிறனோலோல் அதிரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதனைக் கண்டுபிடித்தார். 1988 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ இதய நோயாளரைக் காப்பாற்றிய நல்ல மருந்து இது. ஆனால் இதயத்தோடு நிற்காமல் சுவாசக் குழாயிலும் இது வேலை செய்கிறது. குளத்துத் துருசை ஒருவர் திறக்க, அதே துருசை இன்னொருவர் மூடினால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமா? தொய்வுக்காரருக்கு இந்தக் குளிசை கொடுத்தால் முதல் தடவையிலேயே கடும் முட்டு வரலாம். அந்த நேரம் இழுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

பிரஷர், கருவியைக் கையில் கட்டியவுடன் தெரிந்துவிடும். தொய்வோ ஒளிந்திருக்கும் வருத்தம். கிளினிக் நாளில் உங்கள் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் புதிய டொக்டருக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் முதற் பேச்சு இதுவாக இருக்கட்டும்: “டொக்டர், எனக்குப் பிரஷரும் இருக்கு, தொய்வும் இருக்கு.”

கவனிக்க வேண்டிய மருந்துகள்

புறொப்பிறனோலோல் பிரஷருக்கு மட்டுமன்றி ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம், தைரொயிட் வருத்தம் ஆகியவற்றுக்கும் கொடுக்கப்படுவதுண்டு. தொய்வுள்ளவர் அதைத் தவிர்க்க வேண்டும். அத்தினலோல், பைசோபுறலோல் என்பன பெரும்பாலும் இதயத்திலேயே வேலை செய்பவை. எனினும் இரண்டு வருத்தத்தையும் அறிந்த டொக்டர் தேவையென்று முடிவெடுத்தால் மட்டுமே அவற்றைப் பாவிக்கலாம். கண்ணமுக்கத்துக்கு விடும் டிமோலோல் துளிமருந்தும் இதே வகைதான். கண்ணில் விட்ட துளியும் முட்டைக் கொண்டுவரும்.

எனலாபிறில், கப்ரோபிறில் தொய்வைக் கிளப்புபவை அல்ல. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் வரைக்கும் வறட்டு இருமலைக் கொடுக்கும். அதைத் தொய்வு கூடிவிட்டதென்று எண்ணி, வேண்டாத மருந்தெல்லாம் எடுப்பவர்கள் உண்டு. குளிசை தொடங்கிய பிறகு வந்த இருமல் என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். லொசாட்டன் போன்ற மாற்று மருந்து இருக்கிறது. அம்லோடிபினும் தொய்வுள்ளவருக்குப் பொருத்தமானதே; சிலருக்குக் கால் வீங்கலாம்.

நாற்று நட்டு, களை பிடுங்கி, மூட்டை சுமந்து வரும் இடுப்புவலிக்கு டைகுளோபினக், இபுபுறோபென் வாங்கிப் போடுவது நம்மிடையே பெரும் வழக்கம். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். தொய்வுக்காரர் சிலருக்குக் கடும் முட்டையும் கொண்டுவரும். அஸ்பிரினும் சிலருக்கு அப்படியே. வலிக்கு முதலில் பரசிற்றமோலை அளவோடு எடுப்பதே நல்லது. ஆனால் இதயத்துக்கென்று டொக்டர் தந்த சிறு அளவு அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிறெட்னிசலோன் கடும் முட்டில் உயிர் காக்கும் குளிசை. சில நாட்களுக்கு அதை எடுக்கப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் எடுத்தால் பிரஷரும் சீனியும் ஏறும். நெடுநாள் எடுத்தவர் அதைத் திடீரென்று விடவும் கூடாது.

இவற்றை வாசித்துவிட்டு உங்கள் குளிசையை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். கொப்பியோடு கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். குளிசை எடுத்த பின் முட்டு வந்தால் மட்டும் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இழுக்கும் மருந்துக்குப் பயம் வேண்டாம்

“பம்மை அடித்தால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும்” என்று அதை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இழுக்கும் மருந்து நேரே சுவாசக் குழாய்க்குப் போவதால் குளிசையை விட மிகக் குறைந்த அளவே போதும், படபடப்பும் குறைவு. மூச்சு முட்டுவதே பெரிய ஆபத்து.

நிவாரண மருந்தான சல்பியூற்றமோலை மட்டும் நம்பியிருப்பதும் சரியல்ல. பெக்லோமெதசோன் போன்ற தடுப்பு மருந்தே உள் வீக்கத்தை ஆற்றுகிறது. 2019 முதல் சர்வதேச வழிகாட்டலும் பெரியவர்களுக்குத் தனியே சல்பியூற்றமோலை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. தடுப்பு மருந்தை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

மருந்து தொண்டையில் படியாமல் நெஞ்சுக்குள் போக ஸ்பேசர் என்ற கூடு உதவும். அது இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில், பம்மின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, போத்தலின் வாய்வழியாக இழுக்கலாம். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் சிறுவர்களிடம் செய்யப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வு, இவ்வாறு செய்து காற்றுப் புகாமல் அடைத்த போத்தல் கடைச் சாமானுக்கு ஈடாக வேலை செய்வதைக் காட்டியது.

முட்டு வந்தால் நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு தடவையாக நான்கு முறை மருந்தை இழுங்கள். 20 நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பவும் இழுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், சோர்ந்து தூங்கிவிழுதல் என்பன கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முட்டு நேரத்தில் பிரஷர் உயர்ந்து காட்டினால், நீங்களாகப் பிரஷர் குளிசையை இரட்டிப்பாக்காதீர்கள்.

வயலிலும் அடுப்படியிலும்

சூடடிப்புத் தூசி, உமி, மருந்தடிக்கும் புகார் ஆகியவற்றுக்கு எதிர்க்காற்றில் நிற்க வேண்டாம். வாயையும் மூக்கையும் மூடிக்கட்டுங்கள். பச்சை விறகின் புகை தறப்பாள் கொட்டிலுக்குள் தேங்கினால் முட்டு நிச்சயம். அடுப்பை வெளித்தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் என்பவற்றில் உள்ள உப்பையும் சேர்த்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்புப் போகக் கூடாது. பீடி, சுருட்டு இரண்டு வருத்தத்துக்கும் எதிரி.

பொலித்தீன் பைக்குள் ஒரு தாள்

மருந்தின் கம்பனிப் பெயர் இடத்துக்கிடம் மாறும், மூலப்பெயர் மாறாது. மருந்துகள் மூலப்பெயரிலேயே வழங்கப்பட வேண்டுமென்று உழைத்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தார். 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டில் கிடைத்த கம்பனியை வாங்க நேர்ந்தபோது மூலப்பெயர் தெரிந்தவர் தடுமாறவில்லை. தெரியாதவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிவிடக்கூடும்.

ஆகவே இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: உங்கள் பெயர், வயது, “தொய்வும் உயர் குருதியமுக்கமும் உண்டு”, எடுக்கும் மருந்துகளின் மூலப்பெயர், அளவு, நேரம், ஒத்துவராத மருந்துகள், கடைசியாகப் பார்த்த பிரஷர். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து எழுதுவியுங்கள். கிளினிக்கில் தாதியிடம் காட்டிச் சரிபாருங்கள். தாளையும் கொப்பியையும் இரண்டு கிழமைக்கான மருந்தோடு பொலித்தீன் பையில் இட்டு, காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கிளினிக் போய் வரும்தோறும் அந்த மருந்தைப் புதிதாக மாற்றுங்கள்.

வெள்ளமோ வேறு இடரோ வந்து மீண்டும் எழும்ப நேர்ந்தால், உறுதியை எடுக்கும் அதே கையில் இதுவும் வரட்டும். காணியை மீட்க உறுதி வேண்டும். அந்தக் காணியில் திரும்பவும் விதைக்க மூச்சு வேண்டும்.