தேயிலைத் தோட்டத்திற்கு டிஜிட்டல் தராசு வந்தால்: பயிற்சி யாருக்கு?

கேமரன் மலையில் தேயிலைத் தொழிலுக்கு ஏறக்குறைய நூறு வயது. ஜே.ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் இன்றும் அங்கே இயங்குகிறது. கொழுந்து பறிப்பது கையிலிருந்து கத்தரிக்கும், பிறகு இயந்திரத்திற்கும் மாறிவிட்டது. நிறுவைக் கணக்கும் நோட்டுப் புத்தகத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறினால் என்ன ஆகும்?

கணக்கு ஏன் முக்கியம்?

கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கு நிறுவைதான் சம்பளம். ஒருவரின் மூட்டை இன்னொருவர் பெயரில் பதிவானால் மாதக் கடைசியில் பணம் குறையும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. கிலோ கணக்கில் வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். அந்தத் தொகை உங்களுக்குக் கிடைத்ததா என்று சரிபார்க்கவும் பதிவு சரியாக இருக்கணும்.

பயிற்சிக்குப் பணம் எங்கே?

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகச் செலுத்த வேண்டும். 2021 மார்ச்சில் இந்தச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது விவசாயத் துறையும் அதற்குள் வந்தது. இந்த லெவியைத் தொழிலாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. முதலாளி அதைப் பயிற்சிச் செலவுக்குத் திரும்பக் கோரலாம்.

அப்படியானால் சிக்கல் என்ன?

அந்தச் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்றால் மலேசியக் குடிமக்கள் மட்டும்தான். கொழுந்து பறிப்பவர்களில் வெளிநாட்டவர் பலர். ஆக, அலுவலகக் கிராணிக்கும் மண்டோருக்கும் லெவிப் பணத்தில் வகுப்பு நடக்கும். மூட்டையைத் தூக்கி வந்து தராசில் வைப்பவருக்கு நடக்காது. அவருக்குச் சொல்லித் தர நிறுவனம் சொந்தக் காசைத்தான் போடணும்.

எப்படிச் சொல்லித் தருவது?

மண்டோரிடமிருந்து தொடங்கலாம். தினமும் தராசுப் பக்கம் நிற்பவர் அவர்தான். வகுப்பை அறையில் வைக்காமல் நிறுவை நடக்கும் இடத்திலேயே, தொழிலாளருக்குப் புரியும் மொழியில் நடத்துவது நல்லது. முதல் சம்பளம் வரும்வரை பழைய நோட்டும் புதிய செயலியும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் தவறு எங்கே என்று தெரியும். மலைச் சரிவில் இணைய இணைப்பு விட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும்.

நீங்கள் தொழிலாளியாக இருந்தால்?

ஒவ்வொரு நிறுவையின்போதும் திரையில் உங்கள் பெயரையும் கிலோவையும் பாருங்கள். தனியாகக் குறித்தும் வையுங்கள். சம்பள விவரத்தை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. கணக்கு இடித்தால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். தீரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்த உரிமை உண்டு.