தறிக்குடோனில் இன்னொரு அறை இல்லை

1955 ஜனவரி 23 அன்று கோயம்புத்தூரில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முதல் ஊர் இதுதான். ஊர் முழுக்க மில் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலம் அது. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் ஏறக்குறைய பாதிச் சம்பளம் வரும். பிற்காலத்தில் அது 70 சதவீதமாக உயர்ந்து, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைத்தது. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரைகூட. பணத்தைவிடப் பெரிது 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு. நோய்ப்படி வாங்கும் நாள்களில் முதலாளி ஆளை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது அது.

ஆள் இல்லாத நாளில் மெஷின் நிற்காது. பதிலி ஆள் நிற்பார். நிரந்தரத் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். இனி வேலை பார்க்கலாம் என்று டாக்டர் இறுதிச் சான்று கொடுத்ததும் அவர் வருவார், பதிலி கேட்டுக்கு வெளியே போய் மறுபடி காத்திருப்பார். அந்தப் பதிலிக்கு இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை. மில் காலத்தைப் பொற்காலமாக நினைத்து உருகுகிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள்.

மில்லுக்கு இன்னொரு வசதி உண்டு. அதில் பல பிரிவுகள். ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத்தூசு பனி மாதிரி மிதக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவருக்குப் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்த நாள் தளரும். அதனால் டாக்டர்கள் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்வதுண்டு. அப்படிப்பட்டவரைத் தூசு குறைந்த கோன் வைண்டிங்குக்கோ, ஸ்டோருக்கோ, கேட்டுக்கோ மாற்ற முடியும். எல்லாருக்கும் மாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. சங்கம் கேட்டால் கொடுக்க ஓர் இடமாவது இருந்தது.

இப்போது விசைத்தறி ஊரான சோமனூருக்கு வருவோம். கருமத்தம்பட்டியிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எந்தச் சந்தில் திரும்பினாலும் தறிச்சத்தம். ஆனால் ஒவ்வொரு குடோனும் சின்னது. பதினாறு தறி இருக்கிறது, ஒருவர் ஆறு முதல் எட்டுத் தறி பார்க்கிறார், பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று கணக்குப் போட்டால் மொத்தம் நான்கு பேர், தார் (ஊடை நூல் சுருள்) சுற்ற ஒருவர். ஈ.எஸ்.ஐ. கட்டாயமாவது பத்துப் பேரில்தான். ஊரில் ஆயிரக்கணக்கானோர் தறி ஓட்டியும், ஒரு குடோனுக்கு ஐந்து பேர் என்பதால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை.

மருந்து மட்டும் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் காசநோய் என்றால் பெருந்துறை சானடோரியம்தான் நினைவுக்கு வரும். மாதக்கணக்கில் படுக்கை, குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை. அந்த முறையை முடித்துவைத்த ஆராய்ச்சி நம் சென்னையில்தான் நடந்தது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களைக் காலியாக்கியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தொற்று நின்றுவிடும். சத்துணவுக்கு மத்திய அரசு 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000. மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபி செய்யவும் ஆள் வருகிறார்.

நோய் குணமாக முன்பைவிடக் குறைந்த நாள் போதும். அந்தக் குறைந்த நாளுக்குக்கூட இடம் காத்திருப்பதில்லை என்பதுதான் இன்றைய நிலை.

இதில் குடோன்காரரை வில்லனாக்குவது சுலபம், சரியல்ல. அவரே கூலிக்கு நெய்பவர். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. துணியை நெய்து கொடுத்துக் கூலி வாங்குவது இவர். தறி நின்றால் அவருக்கு வருமானம் நிற்கும், கடன் தவணை நிற்காது. 'உடம்பைப் பார்த்துட்டு மெதுவா வாங்க' என்று மனசாரச் சொல்பவர்கூட அடுத்த வாரம் வேறு ஆளை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பல குடோன்களில் புருஷனும் பெண்டாட்டியும்தான் முதலாளி, அவர்களேதான் தொழிலாளி. அங்கே ஒருவர் படுத்தால் நோய்ப்படியைக் கேட்கவும் ஆள் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை.

கூலி வேலை பார்ப்பவருக்கு முன்பணம் என்ற முடிச்சு வேறு. பெண் கல்யாணத்துக்கோ வீட்டுச் செலவுக்கோ வாங்கிய முன்பணம், படுத்திருக்கும் மாதங்களிலும் அப்படியே நிற்கும். அதைக் கழிப்பதற்காகவே பலர் உடம்பு தேறுவதற்கு முன் ராத்திரி ஷிப்டுக்கு வந்து நிற்கிறார்கள். வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று இதையும் சொல்லலாம்தான். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் நோய்வாய்ப்பட்டால் ரயில் ஏறி ஊருக்குப் போகிறார். அவர் திரும்பினாரா என்று எந்தப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

குணமானவர் உடனே எட்டுத் தறி பார்க்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே நடந்து, அறுந்த இழையை முடிந்து, நாடாவில் தார் மாற்ற வேண்டும். முதல் மாதம் நான்கு தறி, பகல் ஷிப்ட் மட்டும், பிறகு ஆறு என்று படிப்படியாக ஏற்றினால் நிலைப்பார். மீட்டர் கணக்கில் சம்பளம் என்பதால் நான்கு தறி என்றால் பாதி வருமானம், மிச்ச நான்கு தறிக்கு அரை ஆள் தேட வேண்டும். அந்த அரை ஆள் கிடைப்பதில்லை. தார் சுற்றலாம், பாவு பிணைக்கப் பழகலாம் என்றால் அதுவும் அதே கூரைக்குக் கீழ், அதே தூசியில், அதே இரைச்சலில். இன்னொரு டிபார்ட்மெண்ட் இல்லை.

படிப்படியாகத் திரும்ப வேறு நாடுகளில் வழி செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் மருத்துவச் சான்றையே மாற்றினார்கள். 'வேலைக்குத் தகுதியில்லை' என்பதோடு, 'இன்ன மாற்றம் செய்தால் வேலை பார்க்கலாம்' என்று டாக்டர் எழுதவும் அதில் இடம் உண்டு: குறைந்த மணி நேரம், இலகுவான வேலை, படிப்படியான திரும்பல். ஜெர்மனியில் ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயில் இருந்தவரை எப்படித் திரும்ப அழைப்பது என்று முதலாளி அவரோடு உட்கார்ந்து பேசுவது 2004இலிருந்து கடமை. நம் இறுதிச் சான்றுக்கு முழு ஆளைத்தான் தெரியும், முக்கால் ஆளைத் தெரியாது. அரசு வேலையில் மட்டும் விதிவிலக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின்படி, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்க முடியாது; வேறு வேலை கொடுக்க வேண்டும், சம்பளம் குறையக் கூடாது. அரசு பஸ் டிரைவருக்கு இருக்கும் அந்தக் காப்பு, அந்தப் பஸ்ஸில் ஏறிக் குடோனுக்குப் போகிறவருக்கு இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும் விரும்பினால் ஈ.எஸ்.ஐ.யில் சேர வழி இருக்கிறது. 2019இல் குறைத்த விகிதப்படி முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பெரிய தொகை இல்லை. ஆனால் கூலிக்கு நெய்பவரிடம் அந்த 3.25 எங்கிருந்து வரும்? சோமனூர் ரகம், பல்லடம் ரகம் என்று தனித்தனியே கூலி பேசி, அதற்காக 2022 தொடக்கத்திலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தியவர்கள் இவர்கள். மின்கட்டணமும் உதிரிபாக விலையும் அந்தப் பேச்சில் வருகின்றன. தறி ஓட்டுபவரின் நோய்ச்செலவும் ஜவுளி உற்பத்தியாளர் தரும் மீட்டர் கூலிக்குள் ஏற வேண்டும் என்பது என் எண்ணம். குடோன்காரரின் பையிலிருந்து எடுக்கச் சொன்னால் அவர் சேரமாட்டார். அடுத்த கூலி ஒப்பந்தம் பேசப்படும்போது இரண்டு தரப்புச் சங்கங்களும் அதை ஒரு வரியாக எழுதிக்கொண்டு போகலாம்.