ரோட்டுக்கு வில்லன் யாரு?

லாரியும் இல்லை, வெயிலும் இல்லை... லால்பேட்டையில் இருந்து லடாக் வரை தார் ரோட்டைக் காலி பண்ற ஆள் ஒருத்தர்தான். அவரைத் தெரிஞ்சுக்கிட்டா உங்க தெருவையும் காப்பாத்தலாம், வீட்டையும் காப்பாத்தலாம்!

முதல்ல ஒரு குட்டி க்விஸ். போட்ட புதுசுல பளபளன்னு இருந்த தார் ரோடு, அடுத்த தீபாவளிக்குள்ள பல்லாங்குழி ஆயிடுது. காரணம் என்ன?

அ) கத்தரி வெயில். ஆ) ஓவர்லோடு கரும்பு டிராக்டர். இ) கான்ட்ராக்டர். ஈ) தண்ணி.

'இ'ன்னு சொல்லிட்டு சிரிச்சிருப்பீங்க. ஆனா சரியான விடை 'ஈ'. வெயிலும் லோடும் ரோட்டை மெதுவாத்தான் கிழடாக்கும். ஒரே மழைக்காலத்துல ஆளையே முடிக்கிறது தண்ணிதான். ரோடு போட்டவர் ஒழுங்காப் போட்டாரா இல்லையான்னு கண்டுபிடிக்கிறதுக்கும் அதே தண்ணிதான் சாட்சி. தண்ணி போக வழி விட்டாரா, இல்லையா? அவ்வளவுதான் மேட்டர்!

சந்தேகமா இருந்தா சிதம்பரத்துல காட்டுமன்னார்கோவில் பஸ் ஏறி, லால்பேட்டையில இறங்கிப் பாருங்க. ஒரு பக்கம் 1.465 டி.எம்.சி. தண்ணி பிடிக்கிற வீராணம் ஏரி. தெற்கே கொள்ளிடம். நடுவுல வயல், வாய்க்கால், மதகு, களிமண். ஐப்பசி, கார்த்திகை வந்தா வானமும் கூட்டணி சேர்ந்துக்கும். 2015-ல கடலூர் மாவட்டமே தண்ணியில மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இப்படி சுத்தி தண்ணியை வச்சுக்கிட்டு தார் ரோடு போடுறது, பூனையைக் காவல் வச்சு மீன் காய வைக்கிற மாதிரி!

தார் கம்மி, கல்லு ஜாஸ்தி

தார் ரோடுன்னு பேரு இருக்கே தவிர, அதுல தார் ரொம்பக் கம்மி. ரோடு போடுற 100 கிலோ கலவையில தார் சுமார் 5 கிலோதான். மிச்சமெல்லாம் ஜல்லியும் கல் தூளும். கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில தங்குற பிசுபிசுப்பு அயிட்டம்தான் இந்த 5 கிலோ. சிவில் பசங்க இதை 'பிட்டுமன்'னு சொல்வாங்க. இதோட வேலை பசை மாதிரி. ஜல்லிகளைக் கட்டிப் பிடிச்சு வைக்கணும்.

பிரச்னை எங்க வருதுன்னா, கல்லுக்குத் தாரை விட தண்ணியைத்தான் ரொம்பப் பிடிக்கும். சின்ன விரிசல் வழியா தண்ணி உள்ளே போச்சுன்னா, கல்லுக்கும் தாருக்கும் நடுவுல புகுந்து ரெண்டு பேரையும் பிரிச்சுடும். மேல பஸ் டயர் ஏறுறப்ப, உள்ளே மாட்டின தண்ணி அழுத்தம் தாங்காம பீய்ச்சி அடிக்கும். தாரை இழந்த ஜல்லி தனித்தனியா கழண்டு வரும். ஒரு கல் போச்சுன்னா பக்கத்துல இருக்கிற கல்லும் போகும். அப்புறம் என்ன, குழி ரெடி!

இதுக்கு லேப்ல ஒரு டெஸ்ட்டே இருக்கு. தார் பூசின ஜல்லியை 40 டிகிரி செல்சியஸ் தண்ணியில 24 மணி நேரம் ஊறப் போடுவாங்க. 95 சதவீதமாவது தார் கல்லு மேலயே ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் பாஸ். நம்ம செமஸ்டரை விட கஷ்டமான பாஸ் மார்க்!

கனடாவில் வாசலுக்கும் தார்!

நம்ம ஊர்ல குளிர்னா மார்கழிப் பனியும் ஒரு மங்கி கேப்பும்தான். தண்ணி நிஜமாவே உறையுற ஊர்ல தார் என்ன ஆகும்? அதுக்குக் கனடா போகணும்.

டொரான்டோ பக்கம் ஸ்கார்பரோ, மார்க்கம் ஏரியாவுல நம்ம தமிழர்கள் நிறைய பேர் இருக்காங்க. அங்கே ரோட்டுல இருந்து வீட்டு கராஜ் வரைக்கும் கார் போக ஒரு சொந்தப் பாதை இருக்கும். 'டிரைவ்வே'ன்னு பேரு. பல வீட்டுல அது தார்லதான் போட்டிருப்பாங்க. கடைகள், ஆபீஸ் பார்க்கிங் எல்லாமும் அப்படித்தான். இதைப் போட்டுக் கொடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கிற கம்பெனிகள் அங்கே ஏராளம்.

அங்கே வில்லன் அதே தண்ணிதான். வேஷம் மட்டும் வேற. தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். விரிசலுக்குள்ள போன தண்ணி ராத்திரி உறைஞ்சு விரிசலை அகலமாக்கும். பகல்ல உருகி இன்னும் உள்ளே இறங்கும். மறுபடி ராத்திரி உறையும். ஒரு குளிர்காலத்துல இது பல தடவை நடக்கும். அதுமட்டுமில்லை, அடி மண்ணுல இருக்கிற ஈரம் மேல ஏறி ஐஸ் தகடா உறைஞ்சு, பாதையையே தூக்கி விட்டுடும். வசந்த காலத்துல ஐஸ் உருகினதும் அடியில மண்ணு கொழகொழன்னு ஆகி, மேல கார் ஏறினா பொத்துன்னு உள்வாங்கும். அதனாலதான் அங்கே பனிக்காலம் முடியறப்பதான் 'குழி சீஸன்'!

அதனால, அங்கே நல்ல வேலைக்காரர் தார் லாரியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி மண்ணைத்தான் தோண்டுவார். பழைய மண்ணை எடுத்துட்டு, தண்ணி தேங்காத உடைச்ச கல்லைப் பல அங்குலத்துக்குக் கொட்டி, நல்லா இறுக்குவார். வீட்டுப் பக்கம் தண்ணி திரும்பாதபடி ரோட்டைப் பார்த்து சரிவு வைப்பார். அதுக்கு மேலதான் ரெண்டு, மூணு அங்குலத் தார்க் கலவை. குளிர் ஆரம்பிச்சா வேலை க்ளோஸ்! அடுத்த வருஷம்தான். விரிசல் விழுந்தா பனி வர்றதுக்குள்ள அடைச்சிடுவாங்க.

தாரையும் ஊருக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க. டொரான்டோ பக்கம் '58-28'னு ஒரு ரகம். ரோட்டோட சூடு 58 டிகிரி போனாலும் இளகக் கூடாது, மைனஸ் 28-க்கு இறங்கினாலும் வெடிக்கக் கூடாது, அதான் அர்த்தம். நம்ம நாட்டுலயும் குளிர்ப் பிரதேசத்துக்கு இளகின 'விஜி-10', நம்ம ஊர் வெயிலுக்கு 'விஜி-30'னு ரகம் பிரிச்சிருக்காங்க. 2021-ல நம்ம எல்லைச் சாலைகள் நிறுவனம் லடாக்ல உம்லிங் லா கணவாய் வழியா 19,024 அடி உயரத்துல தார் ரோடு போட்டு கின்னஸ்ல இடம் பிடிச்சுது. குளிர்காலத்துல மைனஸ் 40 வரைக்கும் போற இடம் பாஸ் அது!

நம்ம ஊர் ஐஸ், களிமண்தான்!

"நமக்குத்தான் ஐஸே இல்லையே, அப்புறம் ஏன் ரோடு தூக்குது?"ன்னு கேக்கறீங்களா? ஐஸ் பண்ற வேலையை இங்கே களிமண் பண்ணுது. மழையில உப்பும், கோடையில சுருங்கும். சித்திரையில வயல் எப்படிப் பாளம் பாளமா வெடிச்சிருக்குன்னு பார்த்திருப்பீங்க. அதே மண்ணுதானே ரோட்டுக்கு அடியிலயும் இருக்கு? அது உப்பும்போது ரோடும் மேல வரும். சுருங்கும்போது ரோடும் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியா அடுத்த மழை உள்ளே போகும்.

இதனாலதான் ரோடு டிசைனுக்கு மண்ணை டெஸ்ட் பண்ணும்போது நாலு நாள் தண்ணியில ஊற வச்சுட்டு சோதிக்கிறாங்க. காய்ஞ்ச களிமண் கல்லு மாதிரி இருந்து நம்மளை ஏமாத்திடும். நனைஞ்ச பிறகுதான் சுயரூபம் தெரியும்!

ஆக, நம்ம ஊர் ரோட்டுக்கு மூணு விஷயம் வேணும். மண்ணுக்கு மேல தண்ணியை வடியவிடுற ஜல்லி அடுக்கு. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த சரிவு. ஓரத்துல தண்ணி போக வாய்க்கால். 3.75 மீட்டர் அகல ரோட்டுல நடுவுக்கும் ஓரத்துக்கும் சுமார் 4 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாப் போதும், தண்ணி தானா ஓடிடும். வெறும் 4 சென்டிமீட்டர்! அதுல கஞ்சத்தனம் பண்ணினா மொத்த ரோடும் போச்சு.

ஆறின தோசையும் ஆறின தாரும்

தார்க் கலவை தோசை மாதிரி. சூடா இருக்கும்போதே வேலையை முடிக்கணும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி, விஜி-30 தார்க் கலவையை ரோட்டுல பரப்பும்போது குறைஞ்சது 140 டிகிரி செல்சியஸ் இருக்கணும். 90 டிகிரிக்குக் கீழே ஆறுறதுக்குள்ள ரோலர் உருட்டி முடிக்கணும். ஆறிப் போச்சுன்னா எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. உள்ளே காத்து ஓட்டை நிக்கும். அந்த ஓட்டைக்குள்ள யார் வருவார்? நம்ம வில்லன்தான்! மழை பெய்யும்போதும், தண்ணி தேங்கி நிக்கிற தரையிலயும் தார் போடவே கூடாதுன்னும் அதே விதி சொல்லுது.

மதுரையில இருந்து ஒரு கேரி பேக் ஐடியா

கல்லுக்குள்ள தண்ணி போகாம ஒரு ரெயின்கோட் போட்டா எப்படி இருக்கும்? மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் அதைத்தான் செஞ்சு காட்டினார். சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கின ஜல்லி மேல, துண்டு துண்டா நறுக்கின கேரி பேக்கைத் தூவினா, அது எரியாம உருகி, கல்லைச் சுத்தி மெல்லிசா ஒட்டிக்கும். அப்புறம் தாரைக் கலக்க வேண்டியதுதான். கல்லு தண்ணி குடிக்காது, தாரும் கெட்டியாப் பிடிச்சுக்கும், தார் செலவும் கொஞ்சம் குறையும்.

2002-ல முதல்ல போட்டது அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயேதான். 2006-ல கல்லூரிக்குக் காப்புரிமை. 2018-ல பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ! நாம பரோட்டா பார்சல் வாங்கிட்டு வீசுற கவர்ல இவ்வளவு விஷயம் இருக்கு. ஆனா ஒண்ணு. பி.வி.சி. பிளாஸ்டிக்கை இதுல சேர்க்கவே கூடாது. தேயும்போது நுண் பிளாஸ்டிக் மண்ணுல கலக்குமாங்கிற ஆராய்ச்சியும் தொடருது. முக்கியமா, வாய்க்கால் இல்லாத தெருவுல எந்த மேஜிக் தாரும் வேலைக்கு ஆகாது. ரெயின்கோட் போட்டுக்கிட்டு குளத்துக்குள்ள குதிச்சா நனையாம இருக்க முடியுமா என்ன?

ரோடு ஏற, வீடு இறங்க...

இப்போ உங்க வீட்டுக்கே வருவோம். தாத்தா கட்டின வீட்டுக்கு ஒரு காலத்துல மூணு படி ஏறிப் போயிருப்பாங்க. இப்போ ஒரு படி இறங்கிப் போறீங்களா? பழைய ரோடு மேலயே புது ரோடு, அது மேல இன்னொரு ரோடுன்னு அடுக்கினதோட விளைவு அது. ரோடு உயர உயர, மழைத் தண்ணிக்கு உங்க வாசல்தான் வாய்க்கால். முட்டுக் கொடுத்து வீட்டையே தூக்கலாம்தான். ஆனா அதுக்கு லட்சக்கணக்குல எல்லார்கிட்டயும் காசு இருக்குமா?

2021-ல அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும்னு அறிவுறுத்தினார். இதுக்குப் பேரு 'மில்லிங்'. சுரண்டி எடுத்த தார் ஜல்லியை மறுபடி பயன்படுத்தவும் முடியும். அதனால, உங்க தெருவுல சுரண்டாமலே புது ரோடு போட வந்தா, "ஏன் சுரண்டலை?"ன்னு கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

உங்க தெருவுல ரோடு போடறாங்களா? இதைப் பாருங்க!

* பழைய ரோடு சுரண்டப்பட்டிருக்கா? தூசி, சகதி எல்லாம் சுத்தமா பெருக்கியிருக்கா? தரை காய்ஞ்சிருக்கா?

* கலவை போடறதுக்கு முன்னாடி மெல்லிசா தார்க் குழம்பு தெளிப்பாங்க. தெளிச்சதும் பிரவுன் கலர்ல இருக்கும். அது கறுப்பா மாறின பிறகுதான் மேல கலவை போடணும்.

* டிப்பர்ல வர்ற கலவை பளபளன்னு கறுப்பா இருக்கா? கட்டி கட்டியா, மங்கலா இருந்தா ஆறிப்போச்சுன்னு அர்த்தம். நீலப் புகை வந்தா கருகிப் போச்சுன்னு அர்த்தம்.

* ரோலர் ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வரணும்.

* வேலை முடிஞ்சதும் ஒரு குடம் தண்ணியை நடு ரோட்டுல ஊத்துங்க. ஓரத்துக்கு ஓடினா ஓ.கே. அங்கேயே குளம் கட்டினா, இப்பவே புகார் எழுதுங்க.

* பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோடா? அப்ப 5 வருஷம் பராமரிக்க வேண்டியது அதைப் போட்ட கான்ட்ராக்டரேதான். ரோட்டோர போர்டைப் படிச்சுப் பாருங்க. போர்டு இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கவே இருக்கு.

* உங்க வீட்டுக்கோ கடைக்கோ முன்னாடி நீங்களே தளம் போடறீங்களா? தாரோ, சிமென்ட்டோ, பேவர் பிளாக்கோ... முதல்ல மண்ணை இறுக்குங்க, அப்புறம் தெருவைப் பார்த்துச் சரிவு வைங்க. மெக்கானிக் ஷெட்டுன்னா தார் வேண்டாம். டீசலும் பெட்ரோலும் சொட்டினா தார் கரைஞ்சிடும்.

மழைத் தண்ணி நிறைஞ்ச குழியோட ஆழம் பைக்ல வர்றவனுக்குத் தெரியாது. அந்த பைக்ல உங்க ஃப்ரெண்டும் வரலாம், காலேஜ் முடிஞ்சு வர்ற உங்க தங்கச்சியும் வரலாம். அடுத்த தடவை உங்க தெருவுக்கு தார் லாரி வந்தா, வாட்ஸ்அப்ல போட்டோ மட்டும் எடுத்துப் போட்டுட்டு நிக்காதீங்க. ஒரு குடம் தண்ணியோட வெளியே வாங்க!