எடி எடுக்கக் கூடாது: கண்டபாட்டுக்கு அமத்தினாலும் வெல்லும் ஒரு பாத்திரத்தின் கதை

டெக்கன் 3 விளையாடி வளர்ந்த யாரிடமாவது எடி கோர்டோ என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபம் வரும். விளையாட்டில் எத்தனையோ பலமான பாத்திரங்கள் இருந்தும், இவனுடைய பெயருக்கு மட்டும் ஏன் இந்தக் கோபம்? காரணம் எளிது. கட்டுப்படுத்தியை முதன்முதலாகக் கையில் எடுத்த ஒருவர், எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாமல் கண்டபாட்டுக்கு அமத்தி, மாதக்கணக்காகப் பழகிய ஒருவரைத் தோற்கடிக்க எடியால் முடிந்தது.

நம்கோ நிறுவனத்தின் டெக்கன் 3 ஆர்கேட் இயந்திரங்களுக்கு 1997இலும் பிளேஸ்டேஷனுக்கு 1998இலும் வந்தது. எடி அதில் அறிமுகமான பிரேசில் நாட்டுக்காரன். தந்தை கொல்லப்படுகிறார், மகன் சிறைக்குப் போகிறான், அங்கே ஒரு முதியவரிடம் கப்போயிரா கற்றுக்கொண்டு பழிவாங்க வெளியே வருகிறான். கதை நம்முடைய எண்பதுகளின் சினிமாக் கதைதான். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எல்லோரும் கவனித்தது அவனுடைய கால்களை.

டெக்கனில் தாக்குவதற்கு நான்கு பட்டன்கள். இடக் கை, வலக் கை, இடக் கால், வலக் கால் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒன்று. பிளேஸ்டேஷன் கட்டுப்படுத்தியில் கீழே இருக்கும் பெருக்கல் குறியும் பக்கத்தில் இருக்கும் வட்டமும் கால்களுக்குரியவை. வலது பெருவிரலை இந்த இரண்டின் மேலும் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தால் போதும். எடி சுழன்று உதைப்பான், தலைகீழாகக் கைகளில் நிற்பான், அங்கிருந்து உதைப்பான், தரையில் சாய்வான், சாய்ந்த நிலையிலும் உதைப்பான். மற்றப் பாத்திரங்களில் இப்படிச் செய்தால் ஓர் அடி, ஒரு தடுமாற்றம், இன்னோர் அடி என்று அறியாமை உடனே வெளியே தெரிந்துவிடும். எடியிடம் அப்படியில்லை. நின்றாலும் கிடந்தாலும் தலைகீழாக இருந்தாலும், எந்தக் கால் பட்டனுக்கும் அவனிடம் ஓர் உதை இருக்கிறது. அந்த உதை பெரும்பாலும் இன்னொரு நிலையில் போய் முடிகிறது. அங்கேயும் அதே இரண்டு பட்டன்களுக்கு வேறு உதைகள்.

இது கப்போயிராவின் இயல்பிலிருந்தே வந்தது என்பது என் கருத்து. பிரேசிலில் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்கள் உருவாக்கிய கலை அது. 1890ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் அதைத் தடைசெய்தது. 2014இல் யுனெஸ்கோ கப்போயிரா வட்டத்தை மானிடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆட்கள் வட்டமாக நின்று வாத்தியம் வாசித்துப் பாட, நடுவில் இருவர் ஆடுவார்கள். அடிப்படை அசைவுக்கு ஜிங்கா என்று பெயர். உடல் ஓயாமல் பக்கத்துக்குப் பக்கம் அசைந்துகொண்டே இருக்கும். அடி எங்கே தொடங்குகிறது, நடனம் எங்கே முடிகிறது என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. அந்த ஆட்டத்தை உண்மையான கப்போயிரா ஆசான் ஒருவரின் அசைவுகளிலிருந்து பதிவுசெய்து எடிக்குக் கொடுத்தார்கள். விளைவு, அசைவுகளுக்கு இடையிலான பொருத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் அமத்துபவருடைய எடியும் பத்து வருடம் பழகியவருடைய எடியும் முதல் சில விநாடிகளுக்கு ஒரே மாதிரி இருப்பார்கள். தோற்பவரை விட, வென்ற புதியவருக்கே இது கூடுதல் ஆச்சரியம்.

அழகு இருக்கட்டும், வெல்வது எப்படி? டெக்கனில் நின்றபடி தடுத்தால் மேலடியும் நடுவடியும் நிற்கும், கீழடி காலில் படும். குந்தித் தடுத்தால் கீழடி நிற்கும், நடுவடி தலையில் விழும். ஆகவே தடுப்பவர் ஒவ்வொரு தடவையும் ஊகிக்க வேண்டும். எடியின் தொடர்கள் இந்த உயரங்களை மாற்றிக்கொண்டே போகின்றன. விளையாட்டு ஒரு விநாடிக்கு 60 சட்டகங்களாக ஓடுகிறது. மிக வேகமான குத்து ஒன்று வெளிப்பட ஏறக்குறைய 10 சட்டகங்கள், அதாவது ஒரு விநாடியின் ஆறில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் பார்த்துவிட்டு யோசிக்க முடியாது. முன்கூட்டியே எதிராளியின் பழக்கத்தைப் படித்துவைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நடுத்தர ஆட்டக்காரர் மாட்டிக்கொள்கிறார். அவர் பழக்கங்களைப் படிக்கக் கற்றவர். 'இந்த அடிக்குப் பிறகு யாராக இருந்தாலும் தடுப்பார்கள்' என்று எதிர்பார்ப்பார். ஆனால் எதிரே இருப்பவருக்கோ தான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதே தெரியாது. தன்னையே அறியாத ஒருவரை இவர் எப்படிப் படிப்பது? புதியவரைத் தோற்கடிக்க, அவரைவிடக் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதாது. நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். இந்த இடைவெளிதான் அந்தக் கோபத்தின் ஊற்று.

பாடசாலை விடுமுறையில் வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு பழைய பிளேஸ்டேஷன் இருக்கும். ஒன்றுவிட்ட அண்ணன்மார் மூன்று பேர், நான் ஒருத்தி. தோற்றவர் எழும்ப வேண்டும், வென்றவர் இருக்கலாம் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின்படி நான் ஒரு மணித்தியாலத்தில் மூன்று நிமிடம் விளையாடுவேன், மீதி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். எடி கிடைத்த பிறகு கதை மாறியது. ஒரு பின்னேரம் தொடர்ந்து நான்கு ஆட்டம் எழும்பவில்லை. அடுத்த நாள் புதுச் சட்டம் வந்தது. "தங்கச்சி, இனி எடி எடுக்கக் கூடாது. அது விளையாட்டில்லை, கண்டபாட்டுக்கு அமத்திறது." பிறகு பல்கலைக்கழகத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்த நண்பிகளிடம் கேட்டபோது, ஏறக்குறைய இதே சட்டம் அவர்கள் வீடுகளிலும் இருந்திருக்கிறது. தடை எப்போதும் யார்மேல் விழுந்தது என்று கவனியுங்கள்: தம்பிமார், தங்கச்சிமார், அன்றுதான் முதன்முதலாக வந்த அயல்வீட்டுப் பிள்ளை.

தேர்ந்த ஒருவர் எடியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அவர் அடிக்கடி நிறுத்துவார். தலைகீழாக நின்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் அரை விநாடி இருப்பார். எதிராளி கீழடியை எதிர்பார்த்துக் குந்துவார், அப்போது நடுவடி வரும். தொடரில் நான்கு உதை இருந்தால் இரண்டாவதோடு வெட்டிவிட்டுத் தரையில் சாய்ந்து காத்திருப்பார். கண்டபாட்டுக்கு அமத்துபவரால் செய்யவே முடியாத ஒரே காரியம் சும்மா இருப்பது. இரண்டு எடிகளையும் பிரித்தறிய வேண்டுமானால் உதைகளைப் பார்க்காதீர்கள், உதை இல்லாத நேரத்தைப் பாருங்கள்.

அமத்துபவரை வெல்லும் வழியும் இதிலிருந்தே கிடைக்கிறது. அவர் தடுக்கமாட்டார், ஏனென்றால் தடுக்க வேண்டுமானால் விரல் ஓய வேண்டும். ஆகவே பின்வாங்கி, தொடர் காற்றில் வீணாகும் வரை பொறுத்து, அவர் எழும்பும் நேரத்தில் ஒரு குத்து. கீழடியைக் குந்தித் தடுத்துவிட்டால் எழும்பும்போதே திருப்பி அடிக்கலாம். இதை இரண்டு மாலை பழகியவரிடம் எடி உருட்டல் செல்லாது. என் அண்ணன்மாருக்கு அந்தப் பழக்கத்தைவிடத் தடை சுலபமாக இருந்தது.

இந்த இரட்டை வாசல் டெக்கனுக்கு முன்பே இருந்தது. 1991இல் கப்கொம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ரியூ கையிலிருந்து நெருப்புப் பந்தை வீச, திசைக்கோலைக் கீழிருந்து முன்னோக்கிக் கால் வட்டம் உருட்டிக் குத்துப் பட்டனை அமத்த வேண்டும். அதே விளையாட்டில் பிளாங்காவின் மின்சாரமும் ஹொண்டாவின் நூறு கை அறையும் சுன் லீயின் மின்னல் உதையும் ஒரே பட்டனைப் படபடவென்று அமத்தினாலே வந்துவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். நாணயம் போட்டு விளையாடும் இயந்திரத்தில், முதல் நாணயத்திலேயே திரையில் ஏதாவது மின்னாவிட்டால் இரண்டாவது நாணயம் விழாது.

அந்தச் சுன் லீயை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் கலிபோர்னியாவில் நடந்த எவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக் விளையாட்டில், அமெரிக்காவின் ஜஸ்டின் வொங் அவளை வைத்து ஜப்பானின் டைகோ உமெஹாராவுக்கு எதிராக ஆடினார். டைகோவின் கென்னுக்கு உயிர் ஒரு மயிரிழை. வொங் உதை மழையை ஏவினார். டைகோ ஒவ்வோர் உதையையும் பின்வாங்கித் தடுக்காமல், அது படும் கணத்தில் முன்னோக்கித் தட்டி ஒன்றுவிடாமல் தள்ளிவிட்டு வென்றார். சண்டை விளையாட்டுகளின் வரலாற்றில் மிக அதிகம் பேசப்படும் காணொளிகளில் ஒன்று அது. புதியவர் படபடவென்று அமத்தி மகிழும் அதே பெண்ணைத்தான் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் இறுதிக்கட்ட ஆட்டத்துக்குத் தெரிவுசெய்திருந்தார்.

எல்லாப் பாத்திரமும் இப்படி இருக்க வேண்டியதில்லை. டெக்கனின் மிஷிமா குடும்பத்தாரிடம் மின்னலோடு வரும் ஒரு மேல்நோக்கிய குத்து இருக்கிறது. திசையை வரிசையாக மாற்றி, கடைசித் திசையும் பட்டனும் ஒரே சட்டகத்தில் விழ வேண்டும். 60இல் ஒரு விநாடி தவறினால் மின்னல் வராது. அதைப் பழகுவதில் ஒரு தவம் இருக்கிறது, நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விளையாட்டு முழுவதும் அப்படிப்பட்டவர்களால் நிரம்பியிருந்தால் அதை யார் தொடங்குவார்கள்?

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, ஒரு பட்டனிலேயே சிறப்புத் தாக்குதல் வரும் 'மொடர்ன்' முறையைக் கொடுத்தது. பதிலுக்கு, அப்படிச் சுருக்கமாக ஏவும் அடியின் பலம் குறையும். அந்த முறையில் போட்டிகளிலும் ஆடலாம். உடனே பழையவர்களின் முணுமுணுப்பு தொடங்கியது: கஷ்டப்படாதவனுக்கு ஏன் பரிசு? வெள்ளவத்தை வீட்டில் நான் கேட்ட அதே குரல், கொஞ்சம் பெரிய அறையில். எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடில்லை. சண்டை விளையாட்டுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். புதியவர் இரண்டாவது நாளும் வந்தால்தான் பழையவருக்கு விளையாட ஆள் இருக்கும்.

தெற்காசியாவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ், வெளிநாட்டில் பெரிதாக யாரும் அறியாத நிலையில், டெக்கன் 7இல் எவோ ஜப்பான் போட்டியையும் அதே வருடம் அமெரிக்காவில் எவோவையும் வென்றார். எங்கள் நாட்டில் இன்னும் பல பலசாலிகள் இருக்கிறார்கள் என்றார். கொரியாவின் நட்சத்திர ஆட்டக்காரரான நீ நேரில் போய்ப் பார்த்து, அங்கே தோல்விகளையும் சந்தித்தார். அது சின்ன ஆர்கேட் கடைகளில் ஒருவரோடொருவர் முட்டிமோதி வளர்ந்த கூட்டம். அப்படியொரு கூட்டத்தில் எல்லோரும் முதல் நாளிலேயே சட்டகக் கணக்குத் தெரிந்துகொண்டு வந்திருக்கமாட்டார்கள்.

வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே போக ஒரு படியும் வேண்டும். டெக்கன் 3இல் அந்தப் படி இருக்கவில்லை. உருட்டல் எங்கே செல்லாமற்போனது, ஏன் செல்லாமற்போனது என்று விளையாட்டு சொல்லித்தரவில்லை. 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 இதில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. தோற்ற ஆட்டத்தை மீண்டும் ஓடவிட்டால், இந்த இடத்தில் இப்படித் திருப்பி அடித்திருக்கலாம் என்று குறிப்புத் தருகிறது. ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, கட்டுப்பாட்டை நாமே எடுத்து, தோற்ற அந்தக் கணத்தை மீண்டும் ஆடிப்பார்க்கலாம். அதே வருடம் ஏப்ரலில், மேலதிகமாகக் காசு கொடுத்து வாங்கும் முதல் பாத்திரமாக எடி வந்து சேர்ந்தான். இந்த முறை அவனிடம் தோற்பவர் தடைச் சட்டம் போட வேண்டிய தேவையில்லை. அமத்தி வென்றவரும், எந்த உதை எதிராளியைக் குந்தவைத்தது என்று அதே பதிவைத் திறந்து பார்க்கலாம். அங்கே போகும் வழி மட்டும் இரண்டு மூன்று பட்டியல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.