முதுகில் அளக்கும் பாதுகாப்பு

சன்ஸ்கிரீன் டியூபில் அச்சாகியிருக்கும் எஸ்.பி.எஃப். எண், பெரும்பாலும் மனிதர்களின் முதுகு சிவந்ததைப் பார்த்துக் கணித்த எண். ஐ.எஸ்.ஓ. 24444 என்ற சர்வதேச முறையில், குறைந்தது 10 தன்னார்வலர்களின் முதுகில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். காய்ந்ததும், செனான் விளக்கிலிருந்து புற ஊதாக் கதிரைச் சிறு சிறு வட்டங்களாக, அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பாய்ச்சுகிறார்கள். மறுநாள் எந்த வட்டத்திலிருந்து தோல் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். வெறுந்தோல் சிவக்கத் தேவையான கதிரைப்போல 30 மடங்கு பாய்ச்சிய பிறகே பூசிய தோல் சிவந்தால், அது எஸ்.பி.எஃப். 30.

அந்த 2 மில்லிகிராம்தான் சிக்கல். நம்மில் பெரும்பாலோர் அதில் பாதியோ காலோதான் தேய்த்துக்கொள்கிறோம். 50 என்று நம்பி வெயிலில் இறங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதே இல்லை. இதை டியூபிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பேன்.

சிவப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்வதால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவும் மாறுகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2025 ஜூனில் வெளியான முடிவுகளை அந்த வேறுபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது. 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு சோதித்த 20 சன்ஸ்கிரீன்களில் 16, சொன்ன எண்ணை எட்டவில்லை. 50+ என்று விற்ற ஒன்று வெறும் 4 காட்டியது. ஜெர்மனியில் மறுபடி சோதித்தபோது 5. பிறகு அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தோல் புற்றுநோய் மிகுந்த நாட்டில் இது பெரிய துரோகம். யார் தோலையும் சிவக்க வைக்காத இரண்டு புதிய சோதனை முறைகளை 2024 இறுதியில் ஐ.எஸ்.ஓ. வெளியிட்டிருப்பது ஆறுதல்.

சிவப்பை உண்டாக்குவது பெரும்பாலும் யு.வி.பி. கதிர். ஆழமாக ஊடுருவி, கருமையையும் சுருக்கத்தையும் தரும் யு.வி.ஏ.வை எஸ்.பி.எஃப். சரியாகக் காட்டாது. அதற்கு 1996-ல் ஜப்பான் கொண்டுவந்ததுதான் பி.ஏ. குறியீடு. தோல் எவ்வளவு கறுக்கிறது என்பதை வைத்துக் கணிப்பது. பி.ஏ.வுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறி கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும்.

எஸ்.பி.எஃப். சோதனைக்கு வெளிர் நிறத் தோலுள்ளவர்களைத்தான் சேர்க்கிறார்கள். நம்மில் பலருக்கோ சிவப்பதைவிட மங்குதான் கவலை. மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. அதை எஸ்.பி.எஃப்., பி.ஏ. இரண்டுமே அளப்பதில்லை. மங்கு இருப்பவர்கள், இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனைத் தேடி வாங்கலாம். அது அந்த ஒளியையும் ஓரளவு தடுக்கும்.