எதிராளியின் வாளைப் பிடிக்கலாமா?

நுரை வாளைக் கையில் கொடுத்து ஒருவரைக் களத்தில் இறக்கிவிட்டால், அவருக்குச் சீக்கிரமே தோன்றும் குறுக்குவழி ஒன்று உண்டு. எதிராளியின் வாளை இடது கையால் பற்றிக்கொண்டு, வலது கையால் நிதானமாக நாலு போடு போடுவது. ஃபோம்தானே, வெட்டவா போகிறது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் நுரை ஆயுதப் போர் விளையாட்டுக் குழுக்கள் ஆளுக்கொரு பதில் எழுதி வைத்திருக்கின்றன.

மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதியில் 1977-இல் தொடங்கியது டாகோர்ஹிர். 1983-இல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஆம்ட்கார்ட் பிறந்தது. பெலிகார்த் என்பது பின்னாளில் டாகோர்ஹிரிலிருந்து பிரிந்த குழு. வாளின் உள்ளே ஃபைபர் கிளாஸ் கம்பியோ பி.வி.சி. குழாயோ இருக்கும். அதைச் சுற்றி அடர்த்தியான ஃபோம், அதன் மேல் துணி உறை. குத்தும் நுனியும் பிடியின் அடிமுனையும் கண்குழிக்குள் புகாத பருமனில் இருக்க வேண்டும். கையில் அடி விழுந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், காலில் விழுந்தால் மண்டியிட வேண்டும். உடம்பில் ஒன்று விழுந்தாலோ, இரண்டு உறுப்புகள் போனாலோ ஆள் காலி. அடி பட்டதா என்று சொல்ல வேண்டியவர் பட்டவரேதான்.

டாகோர்ஹிரும் பெலிகார்த்தும் முரட்டு ஆட்டங்கள். கேடயத்தை உதைக்கலாம், மோதித் தள்ளலாம், ஆளைக் கட்டிப் புரளலாம். ஆனால் இங்கேயும் பொது வழக்கம் ஒன்றுதான்: ஆயுதத்தின் பிடியையோ தண்டையோ பற்றலாம், வெட்டும் பகுதியைப் பற்றக் கூடாது. ஃபோமுக்குக் கூர் கிடையாது. அந்தக் கூர் இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொள்வதில்தான் ஆட்டமே நிற்கிறது. ஒருவர் துணிந்து அலகைப் பற்றிவிட்டால் அந்தக் கணமே அது வாள் இல்லை, வெறும் தடி.

வேடிக்கை என்னவென்றால், நிஜ வாளைப் பிடித்திருக்கிறார்கள். 1400-களின் தொடக்கத்தில் இத்தாலிய வாட்போர் ஆசான் ஃபியோரே தேய் லிபேரி எழுதிய படச்சுவடியில், எதிராளியின் வாளை நடுவில் இடக்கையால் பற்றும் உத்தி வருகிறது. இறுக்கிப் பிடித்து, உள்ளங்கையில் வழுக்க விடாமல் இருந்தால் அலகு அவ்வளவு எளிதில் அறுக்காது. விளையாட்டுக் களத்தில் இந்த வித்தையை அனுமதித்தால், சரியாகப் பிடித்தாரா, வழுக்கியதா என்று யார் தீர்ப்புச் சொல்வது? அதனால் ஒட்டுமொத்தமாகத் தடை. வரலாற்றுக்குச் சற்றுத் துரோகம்தான், ஆனால் சரியான முடிவு.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஆயுதத்தைப் பற்றியிருக்கும் கை, மணிக்கட்டு வரை அந்த ஆயுதத்தின் பகுதியாகவே கணக்கிடப்படும், அதில் அடி விழுந்தால் சேதமில்லை. வெறும் கை அப்படியல்ல, அது உடம்பைச் சேர்ந்தது. எதிராளியின் வாளை நோக்கி நீளும் வெறும் கையில் அலகு பட்டால் அந்தக் கை போயிற்று.

ஈட்டி விஷயத்தில் கணக்கு மாறுகிறது. குத்தும் நுனி மட்டுமே ஆயுதம், மீதியெல்லாம் வெறும் தண்டு, ஆகவே பிடிக்கலாம். பிடித்தவருக்கு நெம்புகோல் தத்துவம் துணைக்கு வருகிறது. ஈட்டிக்காரரின் இரண்டு கைகளுக்கும் இடையில் 60 செ.மீ. இருக்கிறது, நீங்கள் பற்றிய இடம் அவருடைய முன்கையிலிருந்து 180 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பக்கவாட்டில் 5 கிலோ எடையளவு விசையோடு இழுத்தால், அதைத் தடுத்து நிறுத்த அவருடைய பின்கை 15 கிலோ விசை கொடுக்க வேண்டும். நீளம்தான் ஈட்டியின் பலம், தண்டு பிடிபட்டதும் அதுவே அவருக்கு வினையாகிவிடும். தேர்ந்த ஈட்டிக்காரர்கள் குத்திய வேகத்திலேயே பின்னுக்கு இழுத்துக்கொள்வது இதனால்தான்.

கேடயத்திலும் இதே நெம்புகோல்தான், ஆனால் ஆபத்து வேறு. முன்கையில் வாரால் கட்டிய கேடயத்தின் விளிம்பைப் பற்றி முறுக்கினால், முறுக்கு நேரே முழங்கைக்கும் தோளுக்கும் போகும். வாரை உடனே கழற்றவும் முடியாது. நடுவில் ஒற்றைப் பிடி உள்ள கேடயமாக இருந்தால் விட்டுவிட்டுத் தப்பிக்கலாம்.

1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தோன்றிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம் ஃபோமுக்குப் பதில் பிரம்பைப் பயன்படுத்துகிறது. அடி பலமாக விழும், ஆகவே விதியும் இறுக்கம். எதிராளியின் உடம்பு, கேடயம், ஆயுதத்தின் வெட்டும் பகுதி, வில், இவற்றில் எதையும் பற்றக் கூடாது. வீச்சில் வரும் ஆயுதத்தை உடம்போடு அணைத்துச் சிக்க வைப்பதும் குற்றம். ஆம்ட்கார்ட் இன்னும் சாது, கட்டிப்பிடிக்கவும் கேடயத்தால் மோதவும் அங்கே இடமில்லை. வில்லுக்கு ஏன் தனிச் சலுகை? டாகோர்ஹிர் மரபில் அனுமதிக்கப்படும் வில்லின் இழுவிசை 35 பவுண்டு வரை, அதாவது சுமார் 16 கிலோ. அவ்வளவு விசையை அடக்கி வளைந்து நிற்கும் வில்லில் கை வைத்தால், வில்லாளிக்கும் நல்லதல்ல, வைத்தவருக்கும் நல்லதல்ல.

கபடியில் பாடி வருபவரின் பனியனையோ முடியையோ பிடித்து மடக்கினால் அவர் அவுட் ஆவதில்லை. உடம்பைப் பிடி, உடையைப் பிடிக்காதே என்பது அங்கே விதி. நுரைப் போரில் ஆம்ட்கார்ட் இரண்டையும் மறுக்க, டாகோர்ஹிரும் பெலிகார்த்தும் ஆளைக் கட்டிப்பிடிக்க விடுகின்றன. அதிலும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: கவசம் அணிந்தவர், கவசமில்லாதவரைத் தானாகப் போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது. இரும்பு வளையச் சட்டையோடு ஒருவர் மேலே விழுந்தால் கீழே கிடப்பவரின் விலா என்னவாகும்?

நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மைதானத்தில் இதை ஆடிப் பார்க்க நினைப்பவர்கள், எதையும் பிடிக்கக் கூடாது என்ற ஆம்ட்கார்ட் பாணியில் தொடங்குங்கள். அடி பட்டதை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் வந்தபின், முதலில் ஈட்டித் தண்டை மட்டும் பிடிக்க அனுமதியுங்கள். கேடய விளிம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.