ராம் வாங்கும் முன் கணினியைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்றதும் வீட்டில் இருப்பவரும் சரி, கடைக்காரரும் சரி, முதலில் சொல்வது "ராம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்பதுதான். அந்த யோசனை பல சமயம் பலிக்கிறது. பல சமயம் வெறும் செலவாக முடிகிறது. எது நடக்கும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ராம் போதுமா, போதாதா என்பதைக் கணினியே எண்களாகக் காட்டுகிறது. அந்த எண்களைப் பார்க்காமல் ராம் வாங்கக் கூடாது. இன்றைய சந்தையில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் ராமை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் அதன் விலை கடுமையாக ஏறியது. உலகின் பெரிய ராம் உற்பத்தியாளர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவர். அவர்களில் மைக்ரான், வீட்டு உபயோகத்துக்குக் 'குரூஷியல்' என்ற பெயரில் நடத்திவந்த விற்பனையைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் தேவையில்லாமல் வாங்கிய ராம் பெரிய நஷ்டம்.

கூடுதல் ராம் எப்போது வேகம் தரும் என்பதற்கு அதன் வேலையிலேயே விடை இருக்கிறது. நாம் திறந்து வைத்திருக்கும் மென்பொருளும் கோப்பும் பிராசஸருக்கு உடனே எட்டும்படி இருக்க வேண்டும். அதற்கான இடம்தான் ராம். அது நிரம்பி வரும்போது விண்டோஸ், உடனடியாகத் தேவைப்படாதவற்றைச் சுருக்கி வைத்துப் பார்க்கும். அதுவும் போதவில்லை என்றால் டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு அனுப்பிவிடும். மறுபடி கேட்கும்போது அங்கிருந்து கொண்டுவர வேண்டும். இழுபறி தொடங்குவது இங்கேதான். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கிலோ, படிக்கும் முனை நகர்ந்து, உரிய இடம் சுழன்று வந்து சேரச் சுமார் 10 மில்லி விநாடி ஆகிவிடும். முன்னதை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், பின்னது ஒரு முழு நாளையும் தாண்டிவிடும். எஸ்எஸ்டி என்றால் அதே கணக்கில் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே, பற்றாக்குறையால் தவிக்கும் கணினிக்கு ராம் சேர்ப்பது பெரிய விடுதலை. பற்றாக்குறையே இல்லாத கணினியில் கூடுதல் ராமுக்குச் செய்வதற்கு வேலை அதிகம் இல்லை.

பற்றாக்குறையைக் கண்டுபிடிப்பது எளிது. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கணினி திணறும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'மெமரி'யைத் தேர்ந்தெடுத்தால் 'அவைலபிள்' என்று ஓர் எண் தெரியும். அது சில நூறு எம்பிக்கு இறங்கி, அதே சமயம் டிஸ்க் 100 சதவீதத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தால், குறை ராமில்தான். 'அவைலபிள்' இரண்டு மூன்று ஜிபி இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் மெதுவானது டிஸ்க். ஹார்டு டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதுதான் மருந்து. சிபியு முட்டி நின்றால் பிராசஸர் போதவில்லை. மூன்றுமே சும்மா இருக்க, இணையப் பக்கம் மட்டும் வர மறுத்தால் இன்டர்நெட் இணைப்பைப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'மெமரி பிரஷர்' வரைபடத்தைப் பார்த்தால் போதும். பச்சையாக இருக்கும்வரை கவலை இல்லை.

"என் கணினியில் எப்போதும் 70 சதவீத ராம் நிரம்பியே இருக்கிறதே, இது பற்றாக்குறை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ராம் அதிகமுள்ள கணினியில் விண்டோஸும் பிரவுசரும் தாராளமாகவே இடம் எடுத்துக்கொள்ளும். அண்மையில் பயன்படுத்திய கோப்புகளையும் மறுபடி தேவைப்படலாம் என்று விண்டோஸ் ராமிலேயே வைத்திருக்கும். வேறு மென்பொருள் இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். 'கேச்டு' என்று காட்டப்படுவது பெரும்பாலும் இதுதான். இதை வலிந்து காலி செய்யும் 'ராம் பூஸ்டர்' மென்பொருள்களால் பயன் இல்லை. காலி செய்ததையே மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டிவரும்.

நடைமுறையில் இது எப்படி முடிகிறது? விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அது ஓடுவதற்கான அளவுதானே தவிர, வசதியாக வேலை செய்வதற்கான அளவு அல்ல. விண்டோஸ் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவதைச் சில பிரவுசர் டேப்களும் ஒரு வீடியோ அழைப்பும் தின்றுவிடும். 4 ஜிபியிலிருந்து 8க்குப் போவது அநேகமாக எல்லா வீட்டுக்கும் பயன்தரும். 8 ஜிபி இருப்பவர்கள்தான் எண்களைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியவர்கள். மின்னஞ்சல், பாடம், வங்கி வேலை, திரைப்படம் என்ற அளவில் பலருக்கு அது போதும். டேப்களை மூடாமல் அடுக்குபவருக்கும் பெரிய எக்செல் கோப்பு வைத்திருப்பவருக்கும் 16 தேவைப்படலாம். அதற்கு மேல் என்பது வீடியோ எடிட்டிங், பெரிய கேம்கள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது போன்ற வேலைகளுக்குத்தான்.

"பின்னால் எப்படியும் தேவைப்படும், இப்போதே போட்டுவிடலாமே" என்பது இன்னொரு வாதம். ராம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்ட லேப்டாப்களுக்கு இது முழுக்கச் சரி. மேக்புக் ஏர் போன்றவற்றில் பிறகு சேர்க்க வழியே இல்லை; வாங்கும் நாளிலேயே தாராளமாக எடுக்க வேண்டும். காலி ஸ்லாட் உள்ள கணினிக்கு அந்த அவசரம் இல்லை. தேவை வந்த நாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ராம் மட்டும் பொருத்திய கணினியில் இரண்டாவதைச் சேர்த்தால் இரு தடங்களில் தகவல் ஓடும், அதனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவற்றில் கேம்கள் வேகம் பெறும் என்பதும் உண்மை. ஆனால் கேம் விளையாடாத வீட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது. பழைய கணினி என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பிராசஸர், எவ்வளவு ராம் போட்டாலும் அதற்குத் தகுதி பெறாது.

வாங்குவதென்று முடிவானால் டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது டிடிஆர் 3, 4, 5 இவற்றில் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு உரிய ஸ்லாட்டில் மற்றது பொருந்தாது. லேப்டாப் ராம் அளவில் சிறியது, டெஸ்க்டாப்பில் சேராது. அதற்கு முன், ஒரு வாரம் உங்கள் கணினி திணறும் வேளைகளில் 'அவைலபிள்' எண்ணைக் குறித்துவையுங்கள். அது திரும்பத் திரும்ப அடிமட்டத்துக்குப் போனால் தயங்காமல் வாங்குங்கள். போகவில்லை என்றால், யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.